கோடிக்கு மேல் பெயர் வேண்டுமா?

தமிழில் எண்களின் பெயர் கோடியோடு நின்றுவிடுகிறதா, அதற்கு மேலும் உண்டா என்னும் கேள்வி நம் மேடைகளில் அடிக்கடி எழுவதுண்டு. எழுந்த உடனே ஒரு பட்டியலும் வந்துவிடும். அற்புதம், நிகற்புதம், கும்பம், கணம், கற்பம், நிகற்பம், பதுமம், சங்கம், வெள்ளம் என்று பேச்சாளர் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். கைதட்டல் அரங்கை நிறைக்கும். இப்போது மேடை கூடத் தேவையில்லை. அந்தப் பட்டியல் கைபேசிக்குக் கைபேசி தாவிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: இத்தனை பெயர்கள் இருக்க, 'இலட்சம் கோடி' என்று இரண்டு சொல்லை ஒட்டவைத்துப் பிழைக்கிறோமே, இது வெட்கம் அல்லவா என்று.

வெட்கம் இல்லை என்பது என் கருத்து. 'இலட்சம் கோடி' என்பது ஒட்டுப்போட்ட சொல் அன்று. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் ஆக்கிய சொல். அதை விட்டுவிட்டுக் 'கற்பம்' என்று எழுதத் தொடங்கினால் நாம் இழப்பதுதான் மிகுதி. கணிதம் படிக்கும் மாணவன் தமிழ்ப் பெருமையில் கைவைக்கிறான் என்று தமிழ்த்துறை நண்பர்கள் சினம் கொள்ள வேண்டாம். பெருமையில் உண்மையானது எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நூறாயிரம் என்ற சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அது மற்றச் சொற்களோடு எப்படிப் புணரும் என்பதற்கு விதியும் இருக்கிறது. அதற்கும் அப்பால், 'ஐ' 'அம்' 'பல்' என்று முடியும் எண்ணுப் பெயர்களுக்குத் தனி நூற்பா உண்டு. உரையாசிரியர்கள் அவற்றைத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று எடுத்துக்காட்டுகிறார்கள். பரிபாடலில் கீரந்தையார் திருமாலைப் பாடும் இடத்தில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் எனப் பேரெண்கள் வரிசையாக வருகின்றன. கம்பர் வானரப் படையை எழுபது வெள்ளம் என்கிறார். ஆகவே பேரெண்களுக்குப் பெயர் இருந்தது என்பதில் ஐயமே இல்லை.

ஆனால் அந்தப் பெயர்களைச் சற்று உற்றுப் பாருங்கள். தாமரை, ஆம்பல், குவளை, நெய்தல் எல்லாம் நீர்ப்பூக்கள். சங்கம் கடலில் கிடைப்பது. வெள்ளம் என்பதற்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. தாமரையும் ஆம்பலும் மூடிக் கிடக்கும் குளங்கள் நம் நாஞ்சில் நாட்டில் இன்றும் உண்டு. அப்படி ஒரு குளக்கரையில் நின்று இதில் எத்தனை பூ என்று கேட்டால் யார் சொல்வார்கள்? எண்ண மாட்டாமை என்ற உணர்ச்சியிலிருந்துதான் இந்தப் பெயர்கள் பிறந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவை பயன்பட்ட இடங்களும் அப்படிப்பட்டவையே. பரிபாடலில் உலகம் தோன்றி ஒடுங்கும் ஊழிகளின் கணக்கு; கம்பனில் இலங்கைக்குக் கிளம்பும் படை. ஊழியை எண்ணி வரி கட்டியவர் யாரும் இல்லை. வானரப் படைக்குக் கணக்குப்பிள்ளை வைத்துச் சம்பளம் கொடுத்தவரும் இல்லை. ஒரு வெள்ளத்துக்கு எத்தனை பூச்சியம் என்று கேட்டால் பாட்டின் சுவை ஒன்றும் கூடப்போவதில்லை.

பட்டியலில் மற்றப் பாதியோ வடமொழியிலிருந்து வந்தது. 'அற்புதம்' என்பதைக் கண்டு, பத்துக் கோடிக்கு நம் முன்னோர் என்ன அழகாகப் பெயர் வைத்தார்கள் என்று வியக்கும் நண்பர்கள் உண்டு. அது வியப்பைக் குறிக்கும் அற்புதம் அன்று. 'அர்புதம்' என்ற வட சொல்லின் தமிழ் வடிவம். அந்த அர்புதத்துக்காவது ஒரு நிலையான மதிப்பு உண்டா? யசுர்வேதத்தின் எண்வரிசையில் அது ஒன்றுக்குப் பின் 7 பூச்சியம். அதாவது நம் கோடி. ஆரியபட்டரின் நூலிலும், 1150-ஆம் ஆண்டளவில் பாஸ்கரர் எழுதிய லீலாவதியிலும் 8 பூச்சியம். வேத வரிசையின் கடைசிப் பெயரான 'பரார்த்தம்' அங்கே 12 பூச்சியம் உடையது. லீலாவதியிலும் கடைசிப் பெயர் அதுவே. ஆனால் 17 பூச்சியம். பெயர் ஒன்று, மதிப்பு நூறாயிரம் மடங்கு வேறு! 'கர்வம்' என்பது லீலாவதியில் 10 பூச்சியம். அதுவே இந்தியில் 'கரப்' ஆகும்போது 11. நம் பட்டியலில் இருக்கும் கற்பமும் இதன் வழிவந்ததே போலும், அங்கே 12. ஊருக்கு ஒரு மரக்கால் என்பார்களே, அந்தக் கதைதான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ண வேண்டாம். நிக்கோலா சூக்கே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1484-இல் எழுதிய கையெழுத்துப் படியில் பில்லியன், டிரில்லியன் முதலான பெயர்களை வரிசைப்படுத்தினார். அவருடைய பில்லியன் மில்லியன் மில்லியன். அதாவது 12 பூச்சியம். அமெரிக்கர் அதை 9 பூச்சியமாக்கிக் கொண்டனர். ஒரே ஆங்கில மொழியில் அட்லாண்டிக் கடலின் இக்கரையில் ஒரு பில்லியன், அக்கரையில் வேறு பில்லியன். 1974 டிசம்பரில் பிரதமர் ஹெரால்டு வில்சன், அரசு இனி ஆயிரம் மில்லியனையே பில்லியன் என்று கொள்ளும் என நாடாளுமன்றத்தில் உறுதி செய்தார். ஜெர்மானியருக்கு இன்றும் பில்லியன் என்றால் 12 பூச்சியந்தான். ஆகவே ஆங்கிலப் பெயர்கள் துல்லியமானவை, நம்முடையவை புராணம் என்று உதட்டைப் பிதுக்குவோருக்கும் நான் துணை போகமாட்டேன்.

பெயர் நழுவுவதற்குக் காரணம் என்ன? பயன்படாத பெயர் நழுவும். நாள்தோறும் கைமாறும் பெயர் நழுவாது. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டாம். தமிழில் சிற்றெண்களைப் பாருங்கள். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. அந்த முந்திரியை மறுபடி 320 ஆக்கினால் கீழ்முந்திரி. அதாவது 1,02,400-இல் ஒரு பங்கு. இதில் கருத்து வேறுபாடே கிடையாது. ஏன்? நிலம் பாகம் பிரிந்தபோதும், கோயிலுக்கு நெல் அளந்தபோதும், வரி விதித்தபோதும் இந்தப் பின்னங்கள் பயன்பட்டன. ஒரு முந்திரி கூடினாலும் குறைந்தாலும் கேட்க ஆள் இருந்தது. கீழ்முந்திரியில் கறாராக இருந்த அதே மக்கள்தாம் வெள்ளத்தில் தாராளமாக இருந்தார்கள்.

இன்னும் அண்மையில் வருவோம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழ்நாட்டோடு இணையும் வரை நம் மாவட்டத்தின் பெரும்பகுதி திருவிதாங்கூர் மண்ணாக இருந்ததை எல்லோரும் அறிவோம். அந்த நாட்டின் காசுக் கணக்கு இது: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 28 சக்கரம், 448 காசு. இதை எண்ணிப் பார்த்தாலே நமக்குத் தலை சுற்றுகிறது. பள்ளிக்கூடம் எட்டிப் பார்க்காத பாட்டிமார் சந்தையில் நின்று மனத்துக்குள் போட்ட கணக்கு இது. அந்தச் சக்கரம் பொட்டுப் போன்ற சிறு வெள்ளிக் காசு. கையால் ஒவ்வொன்றாக எண்ணினால் பொழுது விடிந்துவிடும். அதற்காகச் சிறு குழிகளை வரிசை வரிசையாக வெட்டிய மரப்பலகை ஒன்று வைத்திருந்தார்கள். காசைப் பலகைமேல் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக அமர்ந்துவிடும். மிஞ்சியதைத் தட்டிவிட வேண்டியதுதான். பலகை நிறைந்தால் இத்தனை காசு என்பது முன்பே தெரியும். பிறகு காசை எண்ண வேண்டியதில்லை. பலகையை எண்ணினால் போதும்.

'இலட்சம் கோடி' என்ற சொல்லும் இந்தப் பலகை போன்றதே என்று நான் கருதுகிறேன். கோடி ஒரு பலகை. அப்படி எத்தனை பலகை? ஒரு இலட்சம். இதில் புதிதாக மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. கோடி தெரிந்தவருக்கு, இலட்சம் தெரிந்தவருக்கு, இலட்சம் கோடியும் தெரியும். 'கற்பம்' என்று சொன்னால் பட்டியலைப் புரட்டியாக வேண்டும். எந்தப் பட்டியல் என்ற சண்டை வேறு.

நெய்யூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பத்மநாபபுரம், திருவிதாங்கூரின் பழைய தலைநகர். அந்த அரச மரபு தன் குலதெய்வமாக வணங்கிய திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் 2011-ஆம் ஆண்டு நிலவறைகள் திறக்கப்பட்டன. உள்ளே இருந்த பொன்னும் மணியும் ஒரு இலட்சம் கோடி ரூபாய் பெறும் என்று செய்தித்தாள்கள் எழுதின. அது அதிகாரபூர்வ மதிப்பு அன்று, வெறும் ஊகந்தான். ஆங்கிலத்தில் அதையே 22 பில்லியன் டாலர் என்றார்கள். டிரில்லியன் கணக்கில் பேசுவோருக்கு அது ஒரு டிரில்லியன் ரூபாய். மூன்றையும் கேட்டு நம் ஊர்த் தேநீர்க் கடையில் இருப்பவர் செய்யக்கூடியது ஒன்றே: 'அம்மாடி!' என்பது.

ஆனால் இலட்சம் கோடி என்று கேட்டவர் இன்னொன்றும் செய்யலாம். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள் 121 கோடி. ஒரு இலட்சம் கோடி ரூபாயை 121 கோடிப் பேருக்குப் பங்கிட்டால்? மேலே ஒரு கோடி, கீழே ஒரு கோடி. இரண்டையும் அடித்துவிடலாம். மிஞ்சுவது 1,00,000 வகுத்தல் 121. தலைக்கு ஏறத்தாழ 826 ரூபாய். உலகமே வாய்பிளந்த புதையல், பங்கு வைத்தால் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கூட இல்லை! இப்போது நடுவண் அரசின் 2025-26 வரவு செலவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். செலவு 50.65 இலட்சம் கோடி ரூபாய். மக்கள் 140 கோடி என்று கொண்டால், கோடியைக் கோடியால் அடித்து, 50,65,000-ஐ 140-ஆல் வகுக்க, தலைக்கு 36,000 ரூபாய்க்குச் சற்று மேல். தாளும் பேனாவும் வேண்டாம், விரலாலேயே போட்டுவிடலாம். புதையல் பெரிதா, நாம் ஆண்டுதோறும் ஓட்டுப் போட்டவர்களிடம் ஒப்படைக்கும் பணம் பெரிதா என்பது அரை நிமிடத்தில் விளங்குகிறது. 'கற்பம்' என்று பெயர் சூட்டியிருந்தால் இந்தக் கோடி கண்ணுக்குத் தெரிந்திருக்குமா? அடிப்பதற்குக் கோடியே இருந்திராது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இந்தி பேசுவோர் நூறு கோடியை 'அரப்' என்று சொல்லவில்லையா, நேபாளத்தார் அரசுக் கணக்கிலேயே அர்ப், கர்ப் என்று எழுதவில்லையா, அவர்களுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியாது என்று கேட்கலாம். அவர்களுக்கு அந்தச் சொற்கள் நாவில் இருக்கின்றன. கடைத்தெருவில் கேட்டாலும் மதிப்பு மாறுவதில்லை. நாவில் இருப்பது வேறு, ஏட்டிலிருந்து எடுத்து நாவில் ஒட்டவைப்பது வேறு. கூகோல் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? ஒன்றுக்குப் பின் நூறு பூச்சியம் உள்ள எண்ணுக்கு ஒரு பெயர் சொல் என்று எட்வர்டு காஸ்னர் என்ற கணிதப் பேராசிரியர் கேட்க, அவருடைய சகோதரி மகனான சிறுவன் விளையாட்டாகச் சொன்னது. அதைத் திரித்து ஒரு நிறுவனம் தன் பெயராக்கிக் கொண்டது. பெயர் உலகெங்கும் பரவிவிட்டது. அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டவரைத்தான் காணோம்.

மெய்யான இடையூறு எனக்கு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. மில்லியனும் பில்லியனும் நம் பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் இலட்சம், கோடியோடு கலந்து கிடக்கின்றன. நாங்கள் படித்த பொருளாதார நூல் ஒன்றில் ஒரே அதிகாரத்தில் மக்கள்தொகை மில்லியனில், வருமானம் கோடியில், ஏற்றுமதி பில்லியன் டாலரில். ஒன்றை மற்றொன்றால் வகுக்கச் சொன்ன கேள்விக்கு வகுப்பில் பாதிப் பேர் பத்து மடங்கு பிழையாக எழுதினார்கள். அவர்களுக்குப் பொருளாதாரம் தெரியாமல் இல்லை. ஒரு மில்லியன் பத்து இலட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி, ஒரு டிரில்லியன் இலட்சம் கோடி என்ற மூன்று வரியை யாரும் அந்நூலின் முதற்பக்கத்தில் அச்சிடவில்லை, அவ்வளவுதான். அவசரத்தில் மொழிபெயர்ப்பவர்கள் பில்லியனைக் கோடி என்று எழுதிவிடுவதும் உண்டு. நூறில் ஒரு பங்காகச் சுருங்கிய அந்தத் தொகையைக் காலைத் தேநீரோடு நாமும் படித்துவிட்டுப் போகிறோம்.

மில்லியனே கூடாது என்று சொல்ல வரவில்லை. இலங்கைத் தமிழ் ஏடுகள் மில்லியன், பில்லியன் என்றே எழுதுகின்றன. அவர்கள் நாட்டுக் கணக்கு அதில் நடக்கிறது, வாசகருக்கும் பழக்கம். குழப்பம் வருவது கலக்கும்போதுதான். காற்புள்ளியைப் பாருங்கள். 2011-இல் நம் குமரி மாவட்ட மக்கள் 18,70,374 பேர். இந்த இடத்தில் காற்புள்ளி வைத்தால் பதினெட்டு இலட்சம் என்று கண் தானே படிக்கிறது. கணிப்பொறி தன் விருப்பப்படி 1,870,374 என்று போட்டுவிட்டால், தமிழில் வாசிக்கப் புகுந்தவர் வலப்பக்கத்திலிருந்து ஒன்று, பத்து, நூறு என்று விரல் விட்டு எண்ணத் தொடங்குகிறார். நம் துறை அறிக்கைகளிலேயே இரண்டு முறையும் ஒரே பக்கத்தில் இருக்கக் கண்டிருக்கிறேன். ஆசிரியப் பெருமக்கள் மன்னிக்க வேண்டும்.

இலட்சம் கோடிக்காக இவ்வளவு வழக்காடினேன். அதிலும் ஒரு பொல்லாத இடம் இருக்கிறது. அது புள்ளி. 2016 நவம்பரில் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட 500, 1000 ரூபாய்த் தாள்களின் மதிப்பு 15.417 இலட்சம் கோடி என்றும், திரும்பி வந்தவை 15.31 இலட்சம் கோடி என்றும் 2018-இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. வராதது 0.107 இலட்சம் கோடி. பார்த்தால் ஏதோ புள்ளிக்குப் பின்னால் வரும் உதிரி என்று தோன்றுகிறது அல்லவா? அது ஏறத்தாழ 10,700 கோடி ரூபாய். நம் மாவட்டத்து மக்கள் அனைவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஆளுக்கு ஐம்பத்தேழாயிரம் ரூபாய் கொடுக்கலாம். ஆகவே இலட்சம் கோடி என்பதைப் புள்ளி வைத்து எழுதுவதை நான் ஏற்கவில்லை. 50.65 இலட்சம் கோடி என்பதற்குப் பதில் 50,65,000 கோடி என்று எழுதினால் தாளில் இடம் சற்றுக் கூடும். மை சற்றுச் செலவாகும். ஆனால் கோடி எத்தனை என்பது கண்முன் நிற்கும். மேலே நானே புள்ளி வைத்துத்தான் எழுதினேன். செய்தித்தாளில் அப்படி வருவதால் எழுதினேன்.

இதெல்லாம் அரசுக் கணக்கு, நமக்கென்ன என்று கேட்கும் நண்பருக்கு ஒரு சொல். 1838 முதல் மருத்துவப் பணிக்குப் பேர்பெற்றது நெய்யூர். அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இரத்தப் பரிசோதனைத் தாள் புதிதன்று. டெங்கு பரவும் காலத்தில் 'பிளேட்லெட் எத்தனை?' என்பதே வீட்டுக்கு வீடு கேள்வி. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒன்றரை இலட்சம் முதல் நான்கரை இலட்சம் வரை இருக்க வேண்டியது அது. ஒரு பரிசோதனைக் கூடம் 0.9 இலட்சம் என்று எழுதுகிறது. மற்றொன்று 90,000 என்கிறது. மூன்றாவது கூடம் 90 என்று போட்டு, அருகே பத்தின் அடுக்கு மூன்று என்று சிறிய எழுத்தில் அச்சிடுகிறது. மூன்றும் ஒன்றே. காலையில் ஒரு கூடத்திலும் மாலையில் வேறு கூடத்திலும் இரத்தம் கொடுத்த குடும்பத்தார், காலையில் 90,000 இருந்தது மாலையில் வெறும் 90 ஆகிவிட்டதே என்று பதறிப்போய்ப் பணத்துக்கு அலைவதைக் கண்டவர்கள் நம்முள்ளேயே இருப்பார்கள். அவர்களிடம் போய்ப் பரிபாடலின் ஆம்பலையும் குவளையையும் சொல்லிப் பயனில்லை. 'அண்ணே, இரண்டும் ஒரே எண்தான், தொண்ணூறாயிரம்' என்று அந்தத் தாளைப் படித்துச் சொல்ல ஒருவர் அருகில் இருக்க வேண்டும். அல்லது தாளிலேயே 'தொண்ணூறாயிரம்' என்று எழுத்தால் எழுதிவிட வேண்டும். காசோலையில் தொகையை எழுத்தாலும் எண்ணாலும் எழுத வேண்டும் என்று விதி வைத்தவர்களுக்கு, இரத்தத்துக்கும் அப்படி ஒரு விதி வைக்கத் தெரியாதா?